அந்த மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள்

ஷார்ஜா, துபாய், அஜ்மான் அறைகளில் கட்டில் வாடகைக்கு வாழும் தமிழ்த் தம்பிகளுக்கும் அண்ணன்மார்களுக்கும்.

மே பிறந்துவிட்டது. இனி செப்டம்பர் முடியும்வரை நம் அறைகளில் ஜன்னல் திறக்காது. கண்ணாடி இடுக்கில் டேப் ஒட்டி, கதவடியில் பழைய லுங்கியைச் சுருட்டி வைத்து, ஏசிக் குளிரைக் கொஞ்சமும் வெளியே விடாமல் காப்போம். நான் 23 வருடமாக இங்கே ஏசி வேலை பார்ப்பவன். அப்படி அடைக்கும்படி நானே எத்தனையோ அறைகளில் சொல்லியிருக்கிறேன். அப்படி அடைத்த அறைகளில்தான் மூட்டைப்பூச்சித் தொல்லை தாங்காமல் ஆட்கள் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அறைகளுக்குள்தான் யாராவது ஒருவர், தாளில் மடித்த மாத்திரைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறார். அந்த மாத்திரைக்காகத்தான் இந்த மடல். மற்றப் பூச்சிகளைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் வேலை நேரத்தில் பாதியோடு நிறுத்திவிடுவீர்கள் என்றால், மாத்திரையைப் பற்றிய பகுதியையாவது படித்துவிடுங்கள்.

ஷார்ஜா ரோலாவில் நாங்கள் எட்டுப் பேர் ஓர் அறையில் இருந்தோம். இரண்டடுக்குக் கட்டில் நான்கு. ஹாலைப் பிளைவுட் அடித்து மூன்றாகப் பிரித்திருந்தார்கள். எங்களுக்கு அடுத்த பார்ட்டிஷனில் ஒரு மலையாளிக் குடும்பம், நான்கு மாதக் கைக்குழந்தையோடு. மூட்டைப்பூச்சி எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆகஸ்ட் மாதத்தில் ஒருவனும் தூங்கவில்லை. காலையில் கழுத்திலும் முழங்கையிலும் வரிசை வரிசையாகத் தடிப்பு. சைட்டில் 45 டிகிரி வெயிலில் சாரத்தின் மேல் நிற்கிறவன் இரவு தூங்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களில் ஒரு தம்பி, யாரோ சொல்லி, யாரிடமோ ஒரு அலுமினிய டப்பா வாங்கிவந்தான். ஒட்டியிருந்த லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். "கட்டிலுக்கு ரெண்டு வச்சிட்டு, கதவச் சாத்திட்டு ஒரு நாள் வெளிய இருந்தா போதுமாம்ணே, பூச்சி ஒண்ணு மிஞ்சாதாம்" என்றான்.

எங்களுக்கு மெஸ் சமைத்துக்கொண்டிருந்தவர் பாபநாசம் பக்கத்துக்காரர். சின்ன வயதில் நெல் குடோனில் மூட்டை தூக்கியவர். டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். மூடியைத் திருகக்கூட இல்லை.

"இத எவன் குடுத்தான் ஒனக்கு? இது நெல்லு மூட்டையத் தார்ப்பாய் போட்டு மூடி, சுத்தியும் மண்ணு மூட்ட அடுக்கி வைக்கிற மாத்திரடா. ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் ஆள விடமாட்டாங்க. எங்க ஊர்ல இதத் தின்னுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் யாரும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல." கொஞ்சம் நிறுத்தி, பிளைவுட் சுவரைக் கையால் தட்டினார். அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. "நீங்க எட்டுப் பேரும் வெளிய போயிருவீங்க. அது எங்க போவும்?"

அந்தக் கேள்வியை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் அவர் கேட்கும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஏசிக்காரன் நான். காற்று எந்த வழியாகப் போகும், எந்த வழியாகத் திரும்பும் என்பதுதான் என் சோறு. எனக்கே தோன்றவில்லை.

அந்த மாத்திரையின் பெயர் அலுமினியம் பாஸ்பைடு. தானியக் கிடங்குகளில் வண்டுக்கும் எலிக்கும் வைப்பது. நம் ஊரில் செல்பாஸ் என்ற பெயரில் பல விவசாய வீடுகளுக்குத் தெரியும். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற வாயுவாக மாறும். வெப்பமும் ஈரமும் கூடக்கூட வேகமாக மாறும். பாலைவனம் என்றால் வறண்ட காற்று என்று ஊரில் நினைப்பார்கள். நாம் இருப்பது கடலோரம். ஆகஸ்ட் இரவில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் மூக்குக் கண்ணாடி பனித்துப் போகிறதே, அந்த ஈரம் அந்த மாத்திரைக்குப் போதும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், பொறுமையாகப் பாருங்கள். 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை 1 கிராம் பாஸ்பீனை வெளியிடும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையில் அந்த ஒரு கிராம் பரவினால், காற்றில் 10 லட்சத்தில் சுமார் 25 பங்கு பாஸ்பீன் இருக்கும். தொழிலாளி எட்டு மணி நேரம் சுவாசிக்கலாம் என்று அமெரிக்கத் தொழிற்சட்டம் வைத்திருக்கும் எல்லை 10 லட்சத்தில் 0.3 பங்கு. அதாவது ஒரே மாத்திரை அந்த எல்லையை 80 மடங்கு தாண்டுகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அங்கே குறித்திருக்கும் அளவு 50 பங்கு. அதற்கு இரண்டு மாத்திரை போதும். நாங்கள் கட்டிலுக்கு இரண்டாக எட்டு மாத்திரை வைக்க இருந்தோம்.

வெளியே போய்விடுகிறோமே என்பீர்கள். நீங்கள் போகலாம், வாயு உங்களோடு வந்துவிடாது. பார்ட்டிஷன் சுவர் எதுவரை போகிறது என்று என்றாவது ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும். அதற்கு மேலே, கான்கிரீட் தளத்துக்குக் கீழே, எல்லா அறைக்கும் பொதுவான ஒரு வெற்றிடம். சென்ட்ரல் ஏசி உள்ள பல கட்டடங்களில் யூனிட் திரும்ப இழுக்கும் காற்று அந்த வெற்றிடத்திலிருந்துதான் வருகிறது. உங்கள் அறைக் காற்றை உறிஞ்சி, குளிர வைத்து, அடுத்த அறைக்கு அனுப்பும். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஒரே குழியில் போய்ச் சேரும். மேல் மாடிக்காரர் விசிறி ஓடாத நேரத்தில் அது அவர் வீட்டுக்குள் வரும். தண்ணீர்க் குழாய், கேபிள் போகும் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்த கட்டடத்தை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். நாம் ஜன்னலை டேப் போட்டு ஒட்டிவிட்டோம். வெளியேற வேறு வழி இல்லாத வாயு பக்கத்து வீட்டைத் தேடிப் போகிறது.

2019இல் ஷார்ஜாவில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் இப்படித்தான் இறந்தான். மருந்து வைத்தது பக்கத்து வீட்டில். அது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். அமீரகத்தில் வெவ்வேறு வருடங்களில் இதே மாத்திரையால் குழந்தைகள் இறந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறோம். வீடுகளில் இதைப் பயன்படுத்த இங்கே தடை இருக்கிறது. தடை இருப்பதால்தான் லேபிளைச் சுரண்டிக் கொடுக்கிறார்கள். லேபிள் இல்லாத எதையும், அது மாத்திரையோ பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிய வெள்ளைத் தண்ணீரோ, காசு வாங்காமல் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. அறையில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வாந்தி, தலைவலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் வந்தால் "நேற்றுச் சாப்பிட்ட பிரியாணி" என்று முடிவு கட்டாதீர்கள். பூண்டு வாசனையோ அழுகிய மீன் வாசனையோ வந்தால் சந்தேகமே வேண்டாம். வாசனை வரவில்லை என்றாலும் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை; பலருக்கு அது தெரிவதில்லை. எல்லோரையும் எழுப்பி, போகிற வழியில் பக்கத்துக் கதவுகளைத் தட்டிக்கொண்டே கீழே இறங்குங்கள். 998 ஆம்புலன்ஸ், 999 போலீஸ். டாக்டரிடம் "அலுமினியம் பாஸ்பைடு" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சைதான் உண்டு. அதனால் சீக்கிரம் போய்ச் சேருவதுதான் முக்கியம். யார் வைத்தது, யார் மாட்டுவார்கள் என்ற பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வைத்தவரே அருகில் இருந்தால், தயவுசெய்து நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். நீங்கள் மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு குழந்தையின் நிமிடம்.

வைத்த மாத்திரை சாம்பல் போலத் தூளாகிவிட்டால் முடிந்துவிட்டது என்று கூட்டி அள்ளாதீர்கள். அதில் மிச்சம் இருக்கும். கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் மிச்சம் அத்தனையும் ஒரே மூச்சில் வாயுவாகும். எங்கள் டப்பா திறக்கப்படவே இல்லை. அதனால் மொட்டை மாடியில் ஆள் நடமாட்டமில்லாத மூலையில், நிழலில், மூடியபடியே வைத்தோம். முனிசிபாலிட்டிக்குத் தகவல் சொல்லி, ஆட்கள் வந்து எடுத்துப் போகும்வரை மெஸ் அண்ணன் மாடிப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். எங்களை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை.

இனி மூட்டைப்பூச்சிக்கு வருகிறேன். மாத்திரையை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், தூங்காத மனிதனுக்கு அது உபதேசமாகத்தான் இருக்கும்.

முதலில் வெட்கத்தை விடுங்கள். மூட்டைப்பூச்சிக்கு அழுக்கும் தெரியாது, சுத்தமும் தெரியாது. அதற்கு வேண்டியது மனித ரத்தமும் ஒளிய ஓர் இடுக்கும். நட்சத்திர ஓட்டலுக்கும் போகிறது, விமானத்திலும் போகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. அடித்துப் பல நாடுகள் அதை ஏறக்குறைய ஒழித்தன. 1990களின் கடைசியிலிருந்து உலகம் முழுக்கத் திரும்பிவிட்டது. கடையில் வாங்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகளைத் தாங்கிப் பழகிய பூச்சிகளாகத் திரும்பியிருக்கிறது. நீங்கள் ஸ்ப்ரே அடித்ததும் கொஞ்சம் சாகும். மிச்சம் பிளைவுட் இடுக்கு வழியாக அடுத்த பார்ட்டிஷனுக்குப் போகும். அவர்கள் அடித்ததும் உங்களிடம் திரும்பும். புகை குண்டு வைப்பதும் இதே கதைதான்.

அதனால் ஒருவன் மட்டும் போராடி இதை வெல்ல முடியாது. ஃபிளாட்டில் உள்ள எல்லா அறையும் ஒரே நாளில் இறங்க வேண்டும். "எங்களுக்குப் பூச்சி இருக்கு, உங்களுக்கு இருக்கா?" என்று பக்கத்து அறையில் கேட்பதுதான் முதல் வேலை. மற்ற வேலைகளை விட எனக்குக் கடினமாக இருந்தது அதுதான்.

தேடும்போது கைபேசி விளக்கை அடித்து, பழைய சிம் அட்டையாலோ வங்கி அட்டையாலோ இடுக்குகளைச் சுரண்டிப் பாருங்கள். இரும்புக் கட்டிலின் ஸ்க்ரூ துளைகள், குறுக்குக் கம்பி வெல்டிங் செய்த மூலை, மெத்தையின் தையல் ஓரம், கட்டிலைச் சுற்றி நாம் மறைவுக்குத் தொங்கவிடும் திரையின் மடிப்பு, தலைமாட்டில் அடித்த சார்ஜர் பலகை, காலண்டருக்குப் பின்புறம். பேனா மை தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அதுதான் அவற்றின் குடியிருப்பு. பெரிய பூச்சி 5 மி.மீ. அளவு இருக்கும், முட்டை 1 மி.மீ., வெள்ளையாக, ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

இந்தப் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது, குதிக்கவும் தெரியாது. வழவழப்பான பரப்பில் ஏறவும் திணறும். கட்டிலைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். போர்வை தரையைத் தொடக் கூடாது. நான்கு காலுக்கும் கீழே வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளே கொஞ்சம் முகப்பவுடர் தூவி. கீழேயிருந்து ஏறி வருவது அதில் விழுந்து கிடக்கும். எத்தனை இன்னும் மிச்சம் என்ற கணக்கும் காலையில் தெரிந்துவிடும்.

கொல்வதற்கு வெப்பத்தைப் போல ஒன்று இல்லை. நம் பாட்டிமார் கட்டிலை முற்றத்து வெயிலில் சாய்த்து, சட்டத்தின் பொருத்துகளில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்தது முழுக்கச் சரி. மூட்டைப்பூச்சி 48 டிகிரியில் இருபது நிமிடத்தில் சாகும். முட்டைக்கு அதே வெப்பம் ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். 55 டிகிரியைத் தொட்டால் இரண்டும் உடனே முடியும். துணிமணி, போர்வை, தலையணை உறை, திரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டியபடியே லாண்டரிக்குக் கொண்டுபோய், ட்ரையரில் அதிகச் சூட்டில் அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். இரும்புக் கட்டிலைக் கழற்றி, அனுமதி கேட்டு, மாடியிலோ முற்றத்திலோ வைத்துப் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றுங்கள். ஸ்டீமர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் மெதுவாக, எறும்பு ஊர்கிற வேகத்தில் நகர்த்த வேண்டும். வேகமாக விசிறினால் ஆவி பூச்சியைத் தூக்கி எறிந்துவிடும், அது பிழைத்துக்கொள்ளும்.

இந்தப் பாலைவனம் நமக்குக் கொடுத்திருக்கும் ஒரே இலவச ஆயுதம் வெயில். ஜூலை மதியம் நிழலில்லாத இடத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் 60 டிகிரியைத் தாண்டும். பை, செருப்பு, புத்தகம், பெட்டி ஆகியவற்றை மெல்லிதாகப் பரப்பி அதில் வைத்து, நடுவில் ஒரு வெப்பமானியும் வைத்து, அது 50ஐத் தாண்டி இரண்டு மணி நேரம் நின்றால் வேலை முடிந்தது. மூட்டையாகக் குவித்து வைக்காதீர்கள். வெளியே கொதிக்கும்போதும் நடுவில் உள்ள பூச்சி குளிரிலேயே இருக்கும். லைட்டர், ஸ்ப்ரே டின், பவர் பேங்க், மாத்திரை மருந்து எதுவும் அதில் இருக்கக் கூடாது.

மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை போட்டு மூடி, ஒரு வருடம் திறக்காதீர்கள். அறையைப் பூட்டிப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல மாதம் தாங்கும். முட்டை பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் பத்து நாள் கழித்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு தடவை. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஊற்றும் பழக்கம் சில தொழிலாளர் கேம்ப்களில் இன்னும் இருக்கிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதைப் பழமொழியில் கேட்டிருக்கிறோம். பிளைவுட் பார்ட்டிஷனில், இருபது சார்ஜர் சூடாக இருக்கும் அறையில், அது பழமொழியாக நிற்காது.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் அனுமதி பெற்ற நிறுவனத்தைக் கூப்பிடத்தான் வேண்டும். வருகிறவரிடம் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். எந்த மருந்து, எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே வரலாம், பக்கத்து வீட்டுக்குச் சொல்லியாயிற்றா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரை உள்ளே விடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் கடைசியில் முடித்தோம். எட்டுப் பேர் பங்கு போட்டோம், மலையாளிக் குடும்பத்திடம் வாங்கவில்லை.

நீங்கள் ஏன் கூப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு ஃபிளாட்டில் இருக்க வேண்டிய ஆளை விட மூன்று மடங்கு இருக்கிறோம். யாராவது வந்து எண்ணினால் எல்லோரும் பெட்டியோடு தெருவில். அதனால் கட்டடக் காவலாளி நாத்தூருக்குத் தெரியாமல், உரிமையாளருக்குத் தெரியாமல், இரவில், கதவைச் சாத்திக்கொண்டு நாமே ஏதாவது செய்கிறோம். அந்தப் பயம்தான் மாத்திரை விற்கிறவனுக்கு முதல். ஆகவே, வீட்டை மொத்தமாக எடுத்துக் கட்டில் கணக்கில் வாடகைக்கு விடுகிற அண்ணன்மார்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. உங்களில் பலரும் நம் ஊர்க்காரர்கள்தான். ஒரு கட்டிலுக்கு இவ்வளவு என்று மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் வாங்குகிறீர்கள். பூச்சி மருந்துச் செலவு அந்த வாடகைக்குள் அடங்க வேண்டும். "பூச்சி இருக்குன்னு சொன்னா காலி பண்ணு" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பையனின் கையில் டப்பாவைக் கொடுப்பவர் நீங்கள்தான்.

கரப்பான் பூச்சியைப் பற்றிக் கொஞ்சம். பாலைவனத்தில் எதற்கு இவ்வளவு கரப்பான் என்று ஊரிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள். வெளியே காய்ந்து செத்துப்போகும் உயிர் அது. உள்ளே 24 டிகிரி குளிரும், ஈரமும், சோற்றுப் பருக்கையும் வருடம் முழுக்க நாம்தான் கொடுக்கிறோம். விரல் நீளத்துக்கு இருக்கும் பெரிய செங்கரப்பான் சாக்கடையிலிருந்து வருவது. ஊருக்கு இரண்டு மாதம் லீவில் போய் வந்ததும் பாத்ரூமில் அது ஓடுவதற்குக் காரணம், தரைச் சாக்கடை வாயில் நிற்க வேண்டிய தண்ணீர் இந்த வெப்பத்தில் வற்றிப்போவதுதான். அந்த நீர்தான் சாக்கடைக்கும் உங்கள் அறைக்கும் நடுவே உள்ள கதவு. புறப்படும் முன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டு, சாக்கடை வாயைப் பிளாஸ்டிக் போட்டு மூடுங்கள். எண்ணெய் மிதந்து தண்ணீரை வற்றவிடாது. கிச்சனில், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், அலமாரி கீல் பக்கம் திரிகிற சிறிய பழுப்புக் கரப்பான் வேறு இனம். அது அட்டைப் பெட்டியிலும் வெங்காயச் சாக்கிலும் ஏறி வருகிறது. பெட்டியை உள்ளே அடுக்கிவைக்காமல் அன்றே வெளியே போடுங்கள். அதற்கு ஜெல் மருந்தை அரிசி அளவு பொட்டுகளாக, கீல் மூலைகளில் வைத்தால் இரண்டு வாரத்தில் குறையும். தின்றது கூட்டில் போய்ச் சாகும்; அதன் எச்சத்தைத் தின்ற மற்றதும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது, காசு வீண்.

சமையல் மேடையில் சாரை போடும் பொடி எறும்புக்கும் ஸ்ப்ரே ஆகாது. மிகச் சிறிய வெளிர்மஞ்சள் எறும்பு என்றால், தாக்கியதும் கூட்டம் உடைந்து நான்கு இடத்தில் நான்கு கூடு வைக்கும். இனிப்பில் கலந்த விஷ இரை வைத்துப் பொறுத்திருங்கள். தோட்ட வேலை பார்க்கும் தம்பிகள் கவனிக்க வேண்டியது சம்சும் எறும்பை. ஈரமான புல்தரையிலும் நடைபாதைக் கல்லின் கீழும் இருக்கும் கறுத்த எறும்பு, கடிப்பதில்லை, கொட்டும். பெரும்பாலானவர்களுக்கு வலியோடு போகும். சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, மயக்கம் வந்துவிடும். கொட்டியபின் மூச்சு வாங்கினால் தண்ணீர் குடித்து உட்கார வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

நகரத்தின் விளிம்பில், மணலை ஒட்டிய கேம்ப்களில் இருப்பவர்கள் தேளை மறக்காதீர்கள். தடித்த வாலுள்ள கறுப்புத் தேள் இங்கே உண்டு. அதன் விஷம் ஆளைக் கொல்லக்கூடியது. பகலில் நிழலும் ஈரமும் தேடி, வாசலில் கழற்றிப்போட்ட சேஃப்டி ஷூவுக்குள் போகும். காலையில் உதறாமல் காலை விடாதீர்கள். நோட்டுச் சோதிக்கும் ஊதா விளக்கை இரவில் அடித்தால் தேள் பச்சையாக மின்னும். கேம்ப் சுற்றுச்சுவரை வாரம் ஒரு முறை அப்படிப் பார்த்துவிடலாம். பல்லியை விட்டுவிடுங்கள், அது நம் பக்கம்.

கொசு எங்கே என்று கேட்டால், என் தொழிலிலேயே இருக்கிறது. ஏசி சொட்டும் தண்ணீர் ஈரமான நாளில் ஒரு வாளியை நிரப்பும். பால்கனியில் அந்த வாளியை வாரக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2024 ஏப்ரல் 16 மழை நினைவிருக்கும். 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து காணாத மழை, அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரே நாளுக்குள் 254 மி.மீ. அதன்பின் கட்டட அடித்தளங்களில் தேங்கி நின்ற தண்ணீரில் கொசுப் புழு நெளிந்ததை நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த மாதிரி மழை எப்போதாவது வரும். வாளி தினமும் இருக்கிறது. தினமும் கவிழ்த்துவிடுங்கள்.

ஜூனில் பலர் ஊருக்குப் போவீர்கள். மூட்டைப்பூச்சி இருந்த அறையிலிருந்து புறப்படுகிறவர், பெட்டியைக் கட்டிலின் மேல் வைத்து அடுக்காதீர்கள். பாத்ரூம் டைல்ஸ் தரையில் வைத்து அடுக்குங்கள். காலிப் பெட்டியை முதலில் கார் வெயிலில் வையுங்கள். ட்ரையரில் ஓட்டிய துணியை நேராகப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுங்கள். ஊருக்குப் போனதும் அம்மா ஆசையாகப் பெட்டியைக் கூடத்துக் கட்டிலில் தூக்கி வைக்கப் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்லி, திண்ணை வெயிலிலேயே திறந்து காட்டுங்கள்.

அன்புடன்,
ரோலாவிலிருந்து உங்கள் ஏசி மெக்கானிக் அண்ணன்